காவலன் ஒற்றனாகலாமா?

வீட்டுக்குக் காவல் வைப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். காவலன் விழித்திருக்கிறான், அவனை நம்பி வீட்டார் உறங்குகின்றனர். அந்தக் காவலன் கள்வனைத் தடுத்து நிறுத்துவதோடு அமையாமல், வீட்டார் எந்நேரம் வெளியே சென்றனர், எந்த மருத்துவரின் வாயிலில் காத்திருந்தனர், எவரிடம் கடன் கேட்டனர் என்பவற்றையெல்லாம் ஏட்டில் குறித்து, அயலூர் வணிகர் ஒருவரிடம் நாள்தோறும் ஒப்படைத்து வருகிறான் என்று தெரிய வந்தால் நாம் பொறுப்போமா? “அனைத்தும் உங்கள் நன்மைக்கே! நீங்கள் எவர் வாயிலுக்குச் செல்கிறீர்கள் என்று தெரிந்தால்தானே அங்கே கள்வன் பதுங்கியிருக்கிறானா என்று பார்த்துச் சொல்ல முடியும்?” என்று அவன் விளக்கம் கூறினால், அதை ஏற்றுக்கொண்டு மீண்டும் உறங்கச் செல்வோமா?

ஒருகாலும் செல்ல மாட்டோம். ஆயினும், இதே விளக்கத்தைத்தான் நம் கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் குடியிருக்கும் இணைய உலாவிகளிடமிருந்து நாம் வாய் திறவாமல் ஏற்று வருகிறோம். குரோம், எட்ஜ், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் என்று பெயர்கள் பல. இவை ஒவ்வொன்றிலும் ‘பாதுகாப்பு’ என்னும் பெயரில் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. வங்கியின் முகப்பைப் போலவே போலி முகப்பு அமைத்துக் கடவுச்சொல்லைப் பறிக்கும் தளங்களையும், நச்சு நிரல்களைப் பரப்பும் தளங்களையும் கண்டறிந்து எச்சரிப்பது அதன் பணி. பணி நல்ல பணியே. அதை நாம் மறுக்கவில்லை. அப்பணியைச் செய்யும் சாக்கில், நாம் செல்லும் இடங்களின் விவரம் எங்கெங்கோ போய்ச் சேருகிறதே, அதைத்தான் கேள்விக்கு உள்ளாக்குகிறோம்.

ஒற்றின்றிக் காவல் இயலாது என்று நம்மிடம் சொல்லப்படுகிறது. அது உண்மைக்கு மாறானது என்பது நமது வாதம். ஒற்றின்றியே காவல் இயலும் என்பதற்கு உலாவிகளின் வரலாறே சான்று பகர்கிறது.

இரண்டு வழிகள்

2006 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், சில நாள் இடைவெளியில் இரண்டு உலாவிகள் வெளிவந்தன. ஒன்று மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7. மற்றொன்று மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் 2. போலித் தளங்களைப் பற்றி எச்சரிக்கும் ஏற்பாடு இரண்டிலும் இருந்தது. ஆனால் முறை வேறு.

எக்ஸ்புளோரரில், நன்கறிந்த தளங்களின் பட்டியல் ஒன்று கணிப்பொறியிலேயே இருக்கும். அதில் இல்லாத தளத்துக்குச் சென்றால், அத்தளத்தின் முகவரி மைக்ரோசாஃப்டுக்குப் போகும்; அங்கிருந்து தீர்ப்பு வரும். ஃபயர்ஃபாக்ஸிலோ, தீய தளங்களின் பட்டியல் கணிப்பொறிக்கே இறக்கப்படும். ஒப்புநோக்கும் வேலை வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். விரும்பினால், செல்லும் ஒவ்வொரு தளத்தையும் பற்றிக் கூகிளிடம் கேட்கும் முறையையும் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் அது தானாக இயங்காது; பயனாளர் அறிந்து இசைந்த பின்னரே இயங்கும். எக்ஸ்புளோரரும் தன் வடிகட்டியை இயக்கலாமா என்று முதலில் கேட்டது என்பதை நேர்மையோடு சொல்ல வேண்டும்.

ஆக, தொடக்கக் காலத்திலேயே இரு வழிகளும் கண்முன் இருந்தன. பட்டியலை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்ப்பது ஒரு வழி. வீட்டுச் செய்தியை வெளியே கொண்டுபோய்க் கேட்பது மற்றொரு வழி. முதல் வழி இருக்கும்போது இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவர் அதற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். “வேறு வழியில்லை” என்பது அந்தக் காரணமாக ஆகாது.

முதல் வழியைப் பின்னாளில் கூகிளே செப்பம் செய்தது. தளமுகவரி ஒவ்வொன்றையும் கணித முறையால் ஒரு குறியாக மாற்றுகின்றனர். குறியைக் கொண்டு முகவரியை நேரே மீட்டெடுக்க இயலாது. அக்குறியின் நீளம் 256 பிட். அதில் முதல் 32 பிட் மட்டும் அடங்கிய பட்டியல் நம் கருவிக்கு வந்து சேர்கிறது. நாம் செல்லும் தளத்தின் குறி அப்பட்டியலோடு பொருந்தாவிட்டால் எந்தச் செய்தியும் வெளியே போவதில்லை. பொருந்தினால், அந்த முதற்பகுதி மட்டும் கூகிளுக்குச் சென்று, முழுக் குறிகளைக் கேட்டு வாங்குகிறது. பல முகவரிகளுக்கு ஒரே முதற்பகுதி அமையக்கூடும் ஆதலால், கேட்டவர் எத்தளத்துக்குச் சென்றார் என்று உறுதியாகச் சொல்வது கடினம். இம்முறையும் குற்றமற்றதன்று. ஒரே தளத்தைச் சார்ந்த பல முதற்பகுதிகள் சேர்ந்து போகும்போது, சென்ற இடத்தை ஊகித்துவிடலாம் என்று பிரான்சின் இன்ரியா நிறுவன ஆய்வாளர்கள் கூகிள், யாண்டெக்ஸ் ஆகிய இரண்டின் ஏற்பாடுகளையும் ஆராய்ந்து காட்டினர். ஆயினும், முழு முகவரியையும் அள்ளிக் கொடுப்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

இவ்வளவு நுட்பமாக ஒரு முறையை வகுத்தவர்கள், 2020 ஆம் ஆண்டில் குரோம் உலாவியில் ‘மேம்பட்ட பாதுகாப்பு’ என்று மற்றொன்றைச் சேர்த்தனர். அதைத் தேர்ந்தால், நாம் செல்லும் தளங்களின் முகவரிகள் கூகிளுக்கு அனுப்பப்படுகின்றன. பக்கங்களின் உள்ளடக்கத்திலிருந்து சிறு மாதிரிகளும் செல்கின்றன. கூகிள் கணக்கில் நுழைந்திருப்போரின் செய்தி, தற்காலிகமாக அந்தக் கணக்கோடு பிணைக்கப்படுகிறது. இவற்றை அந்நிறுவனமே தன் விளக்கங்களில் ஒப்புக்கொள்கிறது. இங்கே பெயரைக் கவனியுங்கள்: ‘மேம்பட்டது’! மேம்பட்டதை வேண்டா என்று எவர் சொல்வார்? ‘நீங்கள் செல்லும் முகவரிகளை எங்களுக்கு அனுப்பும் முறை’ என்று பெயர் வைத்திருந்தால், எத்தனை வீட்டார் அந்தப் பொத்தானைத் தொட்டிருப்பர்?

முகவரி சொல்லும் கதை

“முகவரிதானே போகிறது, நாம் எழுதிய கடிதமா போகிறது?” என்று சிலர் ஆறுதல் கொள்வதுண்டு. இணையத்தில் முகவரி என்பது தெருப்பெயரும் கதவு எண்ணும் மட்டுமன்று. நாம் தேடிய சொற்கள் பெரும்பாலும் முகவரியின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கடவுச்சொல்லை மாற்றுவதற்காக வரும் இணைப்பில் அதற்குரிய மறைச்சொல் முகவரிக்குள்ளேயே அடங்கியிருக்கும். குடும்பத்தாருக்குள் பகிர்ந்துகொண்ட ஆவணங்களும் நிழற்படங்களும் பல வேளைகளில் ஒரு நீண்ட முகவரியாலேயே பூட்டப்பட்டிருக்கும். அம்முகவரியை அறிந்தவனுக்குக் கதவு திறந்துவிடும்.

ஒரு தாய் தன் மகளுக்கு வந்த நோயைப் பற்றி நள்ளிரவில் தேடிப் படிக்கிறாள். தந்தை ஒருவர் வேலையிழந்த செய்தியை வீட்டாரிடம் சொல்லத் துணியாமல் கடன் தரும் தளங்களைப் பார்க்கிறார். இளைஞன் ஒருவன் தன் மனக்கலக்கத்துக்கு மருத்துவர் உண்டா என்று தேடுகிறான். மணமுறிவுச் சட்டத்தைப் பற்றி ஒரு பெண் படிக்கிறாள். இவர்களில் எவரும் குற்றம் செய்தவர் அல்லர். தம் வீட்டாருக்கே இன்னும் சொல்லாத செய்தியை முகமறியா நிறுவனம் ஒன்றுக்கு அறிவிக்க இவர்களில் எவரும் இசைந்தவரும் அல்லர். சென்ற தளங்களின் வரிசையை நேரத்தோடு அடுக்கிப் பார்த்தால் ஒரு மனிதனின் உடல், உள்ளம், பொருள், நம்பிக்கை ஆகிய நான்கும் வெளிப்பட்டுவிடும். நாட்குறிப்பு எழுதும் வழக்கம் இல்லாதவருக்கும் பிறர் கையில் ஒரு நாட்குறிப்பு உருவாகிவிடுகிறது.

காவலே கடைச்சரக்கான கதை

இவையெல்லாம் கற்பனை அச்சங்கள் என்று தள்ளுவோர்க்கு, நடந்த கதை ஒன்றைச் சொல்வோம்.

செக் நாட்டைச் சேர்ந்த அவாஸ்ட் என்னும் நிறுவனம் கணிப்பொறிகளைக் காக்கும் நிரல்களை உலகெங்கும் வழங்கியது. உலாவியோடு இணைத்துக்கொள்ளும் நீட்சிகளையும் கொடுத்தது. தீய தளங்களைப் பற்றி எச்சரிப்போம், உங்களைப் பின்தொடர்வோரைத் தடுப்போம் என்பவை அதன் வாக்குறுதிகள். மக்கள் நம்பினர், கோடிக்கணக்கில் நிறுவினர். அந்தக் காவல் நிரல்களோ, மக்கள் சென்ற தளங்களின் விவரத்தைத் திரட்டின. அவாஸ்டின் கிளை நிறுவனமாகிய ஜம்ப்ஷாட் அவற்றை விலைக்கு விற்றது. 2019 ஆம் ஆண்டு இறுதியில் ஃபயர்ஃபாக்ஸும் ஓபராவும் அந்த நீட்சிகளைத் தம் அங்காடிகளிலிருந்து நீக்கின. 2020 ஜனவரியில் மதர்போர்டு, பி.சி.மேக் ஆகிய இரு இதழ்கள் இந்த வணிகத்தின் முழு உருவத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. அம்மாத முடிவிலேயே ஜம்ப்ஷாட்டை மூடுவதாக அவாஸ்ட் அறிவித்தது.

அமெரிக்க அரசின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024 பிப்ரவரியில் இது பற்றி வெளியிட்ட குற்றச்சாட்டு படிப்போரை நடுங்க வைப்பது. 2014 முதல் 2020 வரை நூற்றுக்கும் மேற்பட்ட பிற நிறுவனங்களுக்கு இந்த விவரங்கள் விற்கப்பட்டன. மக்களின் சமய நம்பிக்கை, உடல்நலக் கவலை, அரசியல் சார்பு, இருப்பிடம், பொருளாதார நிலை ஆகியவற்றை அவை காட்டிக் கொடுத்தன. பெயரை நீக்கிவிட்டோம் என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு உலாவிக்கும் தனித்தனி அடையாளம் ஒட்டி விற்றனர். 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்தவும், விளம்பர நோக்கத்துக்காக உலாவல் விவரங்களை விற்பதை நிறுத்தவும் ஆணையம் பணித்தது.

பின்தொடர்வோரைத் தடுப்பேன் என்று சொல்லி வந்தவனே பின்தொடர்ந்தான்! இது தனியொரு நிகழ்ச்சியும் அன்று. ‘வெப் ஆஃப் டிரஸ்ட்’ என்று ஒரு நீட்சி இருந்தது. இன்ன தளம் நம்பத்தக்கது, இன்னது தகாதது என்று மதிப்பிட்டுச் சொல்வதே அதன் தொழில். அதைப் பயன்படுத்தியோரின் உலாவல் விவரங்கள் விற்பனைக்குச் சென்றதை 2016 நவம்பரில் ஜெர்மனியின் என்.டி.ஆர். ஒலிபரப்பு நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது. நம்பிக்கை என்பதையே பெயரில் தாங்கிய கருவி நம்பிக்கையை விற்றது!

கூகிளும் மைக்ரோசாஃப்டும் இப்படி விற்றன என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு சொல்வது அறமன்று. நாம் சொல்வது வேறு. செய்தி ஒருமுறை வீட்டைவிட்டு வெளியேறிவிட்டால், அதன் பின் நம் கையில் இருப்பது அதைப் பெற்றவரின் வாக்குறுதி மட்டுமே. அவாஸ்டும் வாக்குறுதி கொடுத்த நிறுவனந்தான். நிறுவனம் கைமாறலாம், கொள்கை மாறலாம், கள்வர் புகலாம், அரசு ஆணையிட்டுக் கேட்கலாம். வெளியே செல்லாத செய்திக்கு இந்த ஆபத்துகளில் ஒன்றுமில்லை.

விசாரித்தவரின் ஏடு

இதற்குத் தெளிவான சான்று ஒன்றுண்டு. பூட்டுச் சின்னத்தோடு திறக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அதை அளிக்க நிறுவனங்கள் இருக்கின்றன. சான்றிதழ் இன்னும் செல்லுமா, இடையில் நீக்கப்பட்டுவிட்டதா என்று உலாவி அந்நிறுவனத்திடம் நேரே கேட்கும் முறை நெடுங்காலம் இருந்து வந்தது. பாதுகாப்புக்காகச் செய்த விசாரிப்பே அது. ஆனால் ஒவ்வொரு விசாரிப்பும், ‘இன்ன இணைப்பிலிருந்து இன்ன தளத்தைப் பார்க்கிறார்கள்’ என்ற செய்தியைச் சான்றளித்த நிறுவனத்திடம் சேர்த்துவிடும்.

2011 ஆம் ஆண்டில், நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்னும் சான்றளிப்பு நிறுவனத்துக்குள் கள்வர் புகுந்து, கூகிளின் பெயரில் போலிச் சான்றிதழ் படைத்தனர். அதைத் துப்பறிந்த ஃபாக்ஸ்-ஐடி நிறுவனத்தார், அதற்கு இலக்கானோர் எத்தனை பேர், எந்நாட்டார் என்பதை எப்படிக் கண்டனர்? உலாவிகள் அனுப்பிய அந்த விசாரிப்புகளின் ஏட்டைப் புரட்டியே கண்டனர்! சற்றேறக்குறைய 3 லட்சம் இணைப்பு எண்கள். அவற்றில் 99 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை ஈரானைச் சேர்ந்தவை. அன்று அந்த ஏடு துப்பறிவோர் கையில் கிடைத்ததால் நன்மை விளைந்தது. அதே ஏடு, மக்கள் எதைப் படிக்கிறார்கள் என்று வேவு பார்க்க விரும்பும் ஓர் ஆட்சியின் கையில் கிடைத்திருந்தால்?

இப்பொழுது நிலைமை என்ன? இலாப நோக்கமின்றிச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனம், இந்த விசாரிப்பு முறையையே 2025 ஆகஸ்டு மாதத்தில் நிறுத்திவிட்டது. மக்களின் தனிமைக்கு அது கேடு என்பதை முதன்மைக் காரணமாகக் கூறியது. நாங்கள் அந்த விவரத்தைச் சேர்த்து வைப்பதில்லை, ஆயினும் சேர்த்து வைக்கும்படி சட்டத்தால் எங்களைக் கட்டாயப்படுத்தக்கூடும் என்ற கருத்தை அது வெளிப்படையாகவே சொன்னது. அதற்கு ஈடாக, நீக்கப்பட்ட சான்றிதழ்களின் பட்டியலையே சுருக்கிக் கருவிக்குள் இறக்கிவிடும் முறை வந்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் அதை 2025 இல் நடைமுறைப்படுத்தியது. கேட்டுக் கேட்டுக் காவல் காத்த இடத்தில், கேளாமலே காவல் காக்க முடிந்திருக்கிறது. காவல் குறைந்ததா? இல்லை. ஒற்று ஒழிந்ததா? ஆம்.

மறுப்போர்க்கு மறுமொழி

எதிர்த்தரப்பின் வாதத்தில் வலுவான ஒன்று உண்டு. அதை ஒளிக்காமல் எடுத்து வைப்போம். போலித் தளங்கள் இப்பொழுது மிகக் குறுகிய காலமே உயிர்வாழ்கின்றன. பத்து நிமிடத்துக்குள் மறைவனவே பெரும்பாலும் என்று கூகிள் 2024 இல் கூறியது. அரை மணிக்கு ஒருமுறையோ ஒரு மணிக்கு ஒருமுறையோ புதுப்பிக்கும் பட்டியலால் அவற்றைப் பிடிக்க இயலாது. ஆகவே அந்தந்த நொடியிலேயே கேட்டறிய வேண்டும் என்பது வாதம். நியாயமான வாதந்தான். ஆனால் இதற்கு விடையளித்ததும் அதே கூகிள்தான். 2024 மார்ச்சில், குரோமின் வழக்கமான பாதுகாப்பு முறையிலேயே உடனுக்குடன் சோதிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதில் முழு முகவரி போவதில்லை. குறியின் முதற்பகுதி மட்டுமே போகிறது. அதுவும் நேரே கூகிளுக்குப் போகாமல், ஃபாஸ்ட்லி என்னும் வேறொரு நிறுவனம் நடத்தும் இடைநிலையம் வழியே போகிறது. இடைநிலையத்தாருக்குக் கேட்டவரின் இணைப்பு எண் தெரியும், கேள்வி தெரியாது. கூகிளுக்குக் கேள்வி தெரியும், கேட்டவர் தெரியாது. ஆப்பிளும் 2021 முதல் சஃபாரியின் இத்தகைய கேள்விகளைத் தன் இடைநிலையம் வழியாகவே கூகிளுக்கு அனுப்புகிறது. 2019 இல், சீனாவைத் தம் வட்டாரமாகக் குறித்த கருவிகளுக்கு டென்சென்ட் நிறுவனத்தின் பட்டியல் பயன்படுகிறது என்றும், அந்நிறுவனத்துக்கு இணைப்பு எண் தெரியக்கூடும் என்றும் வெளியானபோது எழுந்த எதிர்ப்பை எண்ணிப் பார்த்தால், மக்கள் கேள்வி கேட்பது வீண்போவதில்லை என்று நம்பலாம்.

விரைவும் தனிமையும் ஒன்றாக வாழ முடியும் என்று மெய்ப்பித்துவிட்டவர்கள், முழு முகவரியையும் கேட்கும் மற்றொரு முறையை அதனினும் உயர்ந்ததாக ஏன் முன்னிறுத்துகிறார்கள்? கூடுதலாகச் சில தீய தளங்கள் பிடிபடக்கூடும் என்பது உண்மையே. அந்தக் கூடுதலுக்கு ஈடாகக் கேட்கப்படும் விலை யாது என்பதைப் பெரிய எழுத்தில் சொல்ல வேண்டுமா, வேண்டாவா? நமது வழக்கு இங்கேதான் நிற்கிறது.

“மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவனுக்கு அச்சம் எதற்கு?” என்பது மற்றொரு வாதம். பழைய வாதம், பலமுறை தோற்ற வாதம். நம் வீடுகளுக்குக் கதவு இருப்பது உள்ளே களவு நடப்பதால் அன்று. உறவினரேயானாலும் வாயிலில் நின்று ஸலாம் உரைத்து, உள்ளிருந்து மறுமொழி வந்த பின்னரே அடியெடுத்து வைக்கும் பண்பில் வளர்ந்தவர்கள் நாம். கேளாமல் நுழைபவன் எதையும் எடுத்துச் செல்லாவிட்டாலும் பிழை செய்தவனே. அவன் நல்லெண்ணத்தோடு வந்தான் என்பது அந்தப் பிழையைத் துடைப்பதில்லை.

“இலவசமாகத்தானே தருகிறார்கள்?” என்பாரும் உளர். விலையை வாயிலில் எழுதி வைக்காத கடையை இலவசக் கடை என்று எண்ணுவது பேதைமை.

நாம் கேட்பவை

நமது நாட்டில், தனிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023 இல் நிறைவேறிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு என்பது தடையற்றதாகவும், குறித்த நோக்கத்துக்கு உரியதாகவும், விவரம் அறிந்து தரப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளில் ஒன்றிலோ பெறும் வாய்ப்பையும் அச்சட்டம் வகுக்கிறது. தமிழ் அவற்றுள் ஒன்று. இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அவை கட்டம் கட்டமாகவே நடைமுறைக்கு வருகின்றன. ஏட்டில் உள்ள சட்டம் வீட்டுக்கு வந்து சேர வேண்டுமானால், கேட்பவர்கள் இருக்க வேண்டும்.

ஆகவே கேட்கிறோம். பாதுகாப்புச் சோதனை எதுவாயினும், இயன்றவரை கருவிக்குள்ளேயே முடியட்டும். வெளியே கேட்டுத்தான் ஆக வேண்டுமெனில், கேட்டவர் இன்னார் என்று அறிய முடியாத முறையில் கேட்கப்படட்டும். முழு முகவரி தேவை என்றால், அதை நல்ல தமிழில், ஒரே வாக்கியத்தில், ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரு சொற்களுக்கும் ஒரே அளவான இடம் கொடுத்துக் கேளுங்கள். காவலுக்காகப் பெற்ற செய்தியைக் காவலுக்கு மட்டுமே பயன்படுத்துங்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். அதைத் தன் வாணிபத்துக்கு முதலாக்கிக்கொள்பவன் எத்துணைப் பெரிய செல்வனாயினும் அவனுக்கு நம் மொழியில் நல்ல பெயர் இல்லை.

குடும்பத் தலைவர்களுக்கும் தலைவியருக்கும் ஒரு சொல். இதைப் படித்த வேகத்தில் பாதுகாப்பு ஏற்பாட்டையே அணைத்துவிட வேண்டா. காவலன் பொல்லாதவன் என்பதற்காகக் கதவைத் திறந்து போட்டு உறங்குவது அறிவுடைமை ஆகாது. போலித் தளங்களால் வாழ்நாள் சேமிப்பை இழந்த குடும்பங்கள் பலவுண்டு. குரோமின் அமைப்புப் பக்கத்தில் பாதுகாப்பான உலாவல் என்னும் பகுதியைத் திறந்து பாருங்கள். வழக்கமான பாதுகாப்பு, மேம்பட்ட பாதுகாப்பு, பாதுகாப்பின்மை என மூன்று நிலைகள் இருக்கும். எது எதை அனுப்புகிறது என்று வீட்டிலுள்ள படித்த பிள்ளைகளை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மேம்பட்டதை ஏற்பதாயின் அறிந்து ஏற்றுக்கொள்ளுங்கள். வேண்டாவெனில் வழக்கமானதே போதும். ‘பாதுகாப்பு’ என்று பெயரிட்டு வரும் நீட்சிகளை, தருபவர் யார், வருமானம் எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்காமல் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

அவாஸ்டின் விற்பனை நின்றதும், சான்றிதழ் விசாரிப்பு ஒழிந்ததும், முகவரியை மறைக்கும் இடைநிலையங்கள் வந்ததும் தாமாக நிகழ்ந்தவை அல்ல. ஆராய்ந்தோர் எழுதினர், இதழ்கள் வெளியிட்டன, மக்கள் கேட்டனர், அதன் பிறகே நிறுவனங்கள் மாறின. அந்தக் கேள்வி தமிழிலும் எழட்டும்.